சறுக்குவண்டிப் பாட்டில் வரும் பெயர்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். யாரும் என்னிடம் கதை கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தின் நூற்றைம்பதாம் ஆண்டு மலருக்கு இரண்டு பக்கக் கட்டுரை கேட்டார்கள், அவ்வளவுதான். கேட்டவர் ஊராட்சிச் செயலாளர் ரோலான் பிஷெத். பிப்ரவரியில் போன் செய்தார்.

"சறுக்குவண்டிப் பாட்டு எப்படி வந்துச்சுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க சார். சோகம் கீகம் வேணாம். பக்கத்துல குதிரைப் படம் போடறோம்."

"அது மூணு பேர் செத்த பாட்டு, ரோலான்."

"அதான் சொல்றேன். குதிரை சிரிக்கிற மாதிரி படம்."

சரி என்றேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. இல்லை என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டும். காரைக்காலிலிருந்து கிளம்பி வந்து, கியூபெக்கில், ஆற்றங்கரையில் கிடக்கும் இந்த சேன்-எவ்ரார் ஊர்ப் பிள்ளைகளுக்கு முப்பத்தொரு வருடம் அவர்களுடைய தாய்மொழியிலேயே பிழை திருத்தினேன். கொல்லன் தெருவில் ஊசி விற்றவன். எனவே கட்டுரை என்றால் ஊரில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

இப்போது மே மாதம். மலர் நாளை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிரெஞ்சில் ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்குப் பதிலாகத் தமிழில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏன் தமிழில் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். (இப்போதே சொன்னால் என்மேல் உங்களுக்கு மரியாதை போய்விடும். போகத்தான் போகிறது, கொஞ்சம் தாமதமாகப் போகட்டும்.)

2

தொடக்கங்கள். எதையும் அடித்து மறைக்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஆறு உறைந்து கிடந்த ஒரு வெள்ளை விடியலில், தூரத்தில் மணியோசை—"

வேண்டாம். இந்த ஊரில் யார் எதை எழுதினாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். மளிகைக்கடை விளம்பரம் உட்பட.

"வாய்மொழி மரபில் குழந்தைப் பாடல்களின் இடம் என்னவெனில்—"

கொட்டாவி வருகிறது.

"ஒனெசீம் தீவியெர்ஜ் அன்று காலை மரங்களைப் பிடுங்கினார்."

இதில் உயிர் இருக்கிறது. இருபது தடவை இதை எழுதினேன். ஆனால் இதை எழுதினால் அடுத்த வரியையும் எழுத வேண்டும். அவர் பிடுங்கினார் என்றால், திரும்ப நட்டது

(இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன்.)

3

பாட்டைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. அதற்குப் பெயர் கிடையாது. சறுக்குவண்டிப் பாட்டு என்றால் இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் வட்டமாக நின்று, ஒவ்வொரு அடிக்கும் வண்டியில் ஒரு சாமான் ஏற்றுவார்கள்.

ஏற்று ஏற்று, மாவு மூட்டை ஏற்று,
வண்டி தாங்கும், ஆறு தாங்கும்.

மாவு மூட்டைக்கு மேல் பாகுப் பீப்பாய். அதற்கு மேல் இரும்பு அடுப்பு. அப்புறம் மணப்பெண்ணின் துணிப்பெட்டி, பிடில்காரன், மாப்பிள்ளை, கடைசியில் மணப்பெண். ஏற்ற ஏற்றப் பாட்டு வேகமாகும். மணப்பெண் ஏறினதும் கட்டி உடைந்தமாதிரி எல்லோரும் தரையில் விழுவார்கள். விழுந்தபடியே நடுவில் இருப்பவன் கேட்பான்: மரத்தைப் பிடுங்காதது யாரு? எல்லாரும் ஒரு பிள்ளையைச் சுட்டி, "தீவியெர்ஜ்" என்பார்கள். அந்தப் பிள்ளை சுவரோரம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். ஆட்டம் மறுபடி தொடங்கும்.

மர விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் குளிர்காலம் நாலு மாதமும் ஆறுதான் சாலை. எதிரே உள்ள தீவுக்குப் பனிக்கட்டிமேல் வண்டி ஓடும். வழி தெரிய இரண்டு பக்கமும் ஊசியிலைக் கன்றுகளை வெட்டி வந்து நட்டுவைப்பார்கள். அதற்கென்று ஊர் ஒரு ஆளை வைத்திருந்தது. கட்டி இளகினால் கன்றுகளைப் பிடுங்கிப்போடுவதும் அவன் பொறுப்பு. மரம் இருந்தால் வழி உண்டு, இல்லையென்றால் இல்லை. பாதிரியாரே வந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

1879, தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய். மூன்று நாள் மழை பெய்திருந்தது. காலையில் கோவிலில் கல்யாணம், பகலில் விருந்தும் ஆட்டமும் அக்கரையில், மாப்பிள்ளை வீட்டில். நடுராத்திரி தாண்டினால் சாம்பல் புதன். அப்புறம் நாற்பது நாள் கறி கிடையாது, பிடில் கிடையாது, கல்யாணம் கிடையாது. பன்றிக்கால் குழம்பும் இறைச்சி அப்பமும் அக்கரையில் அடுக்கிவைத்துக் காத்திருந்தன. ஆற்றில் மரங்கள் நின்றன. வண்டி போயிற்று. பெண், மாப்பிள்ளை, பிடில்காரன் மூவரும் போய்ச் சேரவில்லை. வண்டியோட்டியும் குதிரையும் எப்படியோ பிழைத்தார்கள்.

மரம் நடும் ஆள் ஒனெசீம் தீவியெர்ஜ். "நான் காலையிலேயே பிடுங்கிட்டேன்" என்று சாகும்வரை சொன்னாராம். நாற்பது கன்று ஆற்றின்மேல் நின்றதை ஊரே பார்த்திருந்தது. அவர் பேச்சை யார் கேட்பார்கள்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஐந்தாறு வருடத்தில் பிள்ளைகள் பாட ஆரம்பித்துவிட்டார்கள்.*

* அப்புறம் அது எங்கெல்லாமோ போயிற்று. மரம் வெட்டப் போனவர்கள் காட்டு முகாம்களில் பாடினார்கள். கன்னியர் மடத்துப் பாடநூலில் மணப்பெண்ணை எடுத்துவிட்டு ஆட்டுக்குட்டியைப் போட்டார்கள். எதிரணி கோல்காவலர் கோல் விட்டால் ஐஸ் ஹாக்கி அரங்கமே "மரத்தைப் பிடுங்காதது யாரு" என்று கேட்கிறது. திருவிழாவில் பிளாஸ்டிக் குதிரை விற்கிறது. எல்லா இடத்திலும் எல்லாம் மாறியது, அந்த ஒரு பெயரைத் தவிர. வேறு ஊர்களில் தீவியெர்ஜ் என்றால் மறதிக்காரன் என்று நினைக்கிறார்கள், ஒரு குடும்பம் என்று தெரியாது. இங்கே தெரியும்.

4

மார்ச் மாதம் கிலேன் வந்தாள். கிலேன் தீவியெர்ஜ், ஐம்பத்துமூன்று வயது, ஊராட்சியின் பனி வாரும் வண்டியை ஓட்டுகிறவள். என் மாணவி. என் மனைவி ஜினெத் இறந்த பிறகு, இந்த நாலு வருடமாக, நான் கேட்காமலே என் வாசலையும் வாரிவிட்டுப் போகிறாள்.

"கட்டுரை நீங்கதான் எழுதறீங்களாமே?"

"ரோலான் விட்டாத்தானே."

பூட்ஸைக் கழற்றாமல் கதவோரமே நின்றாள். "அப்பா கதை தெரியும்ல உங்களுக்கு?"

தெரியாது. அவள் அப்பா லெயோபோல் ஜனவரியில் முதியோர் இல்லத்தில் இறந்தது மட்டும் தெரியும்.

"கிறிஸ்துமஸுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வந்து பாடுனாங்க சார். அப்பாவுக்கு என் பேரே மறந்துபோச்சு. எம்பத்தாறு வயசு. நாற்காலிய விட்டு எந்திரிக்கவே ரெண்டு பேர் வேணும். பிள்ளைங்க அந்தப் பாட்டைப் பாடுனாங்க. தானா எந்திரிச்சாரு. போயி செவுத்தைப் பாத்து நின்னுட்டாரு."

நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் உட்காரவில்லை.

"எல்லாரும் கைதட்டுனாங்க. ஞாபகம் வந்துருச்சுன்னு."

இந்தப் பக்கத்தில் குளிர்காலத்தில் இறந்தவரை உடனே புதைக்க முடியாது. மண் கல்லாக இறுகிக் கிடக்கும். பெட்டி கல்லறைத் தோட்டத்து ஓரத்துக் கற்கட்டட அறையில் வைகாசிவரை காத்திருக்கும். லெயோபோலும் காத்திருக்கிறார். சனிக்கிழமை அடக்கம்.

"அவரை மண்ணுல வைக்கறதுக்குள்ள எனக்குத் தெரியணும்" என்றாள் கிலேன். "பனிப்புயல் வந்தா ரோட்டை மூடறதும் என் வேலைதான் சார். மூடுனா திட்டுவாங்க. மூடலைன்னா சாவாங்க. பாட்டனுக்குப் பாட்டன் பிடுங்கலைன்னா பிடுங்கலைன்னு சொல்லுங்க, நான் தாங்கிக்கறேன். பிடுங்கினாருன்னா, அதை அப்பா காதுல சொல்லித்தான் மூடி போடணும். நீங்க தேடுங்க. நீங்க இந்த ஊர்க்காரர் இல்ல, உங்களுக்கு எந்தப் பக்கமும் இல்ல."

உங்களுக்கு எந்தப் பக்கமும் இல்லை. இந்த வரியில்தான் கதை என் கழுத்தில் விழுந்தது.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் இலையுதிர்காலம், மைதான மேற்பார்வை. பன்னிரண்டு வயது கிலேன் சுவரைப் பார்த்து நின்றாள். சின்ன வகுப்புப் பொடிசுகள்தான் இழுத்து வந்திருந்தன. அசல் தீவியெர்ஜ் கிடைத்தால் ஆட்டத்துக்கு மவுசு. ஏன் நிற்கிறாய் என்று கேட்டேன்.

"நான் தீவியெர்ஜ் சார்."

"விளையாட்டுதானேம்மா" என்றேன் நான். முப்பத்தொரு வருடம் இதையேதான் சொன்னேன்.

5

இந்தக் கதையில் ஒரு பாத்திரம் எனக்குச் சரிப்படவில்லை. மணப்பெண்ணின் அண்ணன். அவனை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒரு வரைவில் அவன் குடிகாரன். வசதியாக இருந்தது, ஆனால் பொய். இன்னொன்றில் அவன் திமிர்பிடித்தவன், ஒனெசீமின் பகைவன். அதுவும் பொய். மூன்றாவதில் அவன் சாதாரண ஆள். தங்கை அழுகிறாள். அக்கரையில் நூறு பேர் பசியோடு இருக்கிறார்கள். விடிந்தால் தவக்காலம், குழம்பை நாய்க்குத்தான் ஊற்ற வேண்டும். ஒரே ஒரு நாள், கட்டி தாங்கும் என்று நினைக்கிறான். கரையில் குவிந்து கிடந்த கன்றுகளைத் தூக்கிக்கொண்டு போய் அதே குழிகளில் நடுகிறான். மரமில்லாவிட்டால் வண்டியோட்டி நகரமாட்டான் அல்லவா. மூன்றாவது வரைவுதான் தாங்க முடியாததாக இருந்தது, ஏனென்றால் அவன் இடத்தில் நானும் நட்டிருப்பேன்.

இதையெல்லாம் நான் கற்பனை செய்யவில்லை. ஊராட்சி அலமாரி, கோவில் பதிவேடு என்று ஒரு மாதம் தூசி தின்றேன், ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது என் வீட்டில். ஜினெத்தின் பெட்டியில், அவள் குடும்பத்து ஜெபப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், மங்கிய மசியில் ஐந்து வரி.

நாற்பது கன்று. ஒனெசீம் பிடுங்கிப் போட்டதை நான் திரும்ப நட்டேன். தங்கை அர்தெமீஸ் அழுதாள். அவன் சொல்வது உண்மை. நான் யாரிடமும் சொல்லவில்லை, கடவுளே.

கீழே கையெழுத்து: ஃபிதீம் கோத்ரோ.

கோத்ரோ என் மனைவியின் குடும்பப் பெயர். ஃபிதீம் அவளுடைய கொள்ளுத்தாத்தா. அந்த விபத்துக்குப் பிறகு ஊர், மரம் நடும் வேலையை ஒனெசீமிடமிருந்து பிடுங்கி, நம்பிக்கையான ஆள் என்று ஃபிதீமிடம் கொடுத்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அந்தப் பக்கத்தில் ஒரு நீல ரிப்பன் இருந்தது. ஜினெத்துடைய ரிப்பன். முப்பத்தாறு வருடம் என்னோடு வாழ்ந்தவள், எங்கள் மகளை மடியில் வைத்துக்கொண்டு அதே பாட்டைப் பாடியவள், அந்தப் பக்கத்தை அடையாளம் வைத்திருந்தாள். எனக்கு அவள்மேல் கோபம். செத்தவளிடம் கோபித்துக்கொண்டு எங்கே போய் உட்காருவது?

இப்போது ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று சொல்லிவிடலாம். இந்த ஊரில் ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. உண்மையை எழுதிவிட்டேன் என்ற நிம்மதியும் வேண்டும், யாருக்கும் தெரியக்கூடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூட என்னைவிட நாணயமானவன். அவன் அதை இலக்கியம் என்று சொல்லிக்கொள்வதில்லை.

காரணம் கேட்பீர்கள். என் பேத்தி ஃப்ளாவி. ஆறு வயது. செப்டம்பரில் அதே பள்ளியில் முதல் வகுப்பு. இங்கே பிள்ளைகளுக்கு அம்மா வழிக் குடும்பப் பெயரையும் வைக்கலாம். என் மகள் தன் அம்மாவின் பெயரைத் தேர்ந்தெடுத்தாள். ஃப்ளாவி கோத்ரோ. பாட்டிலும் அந்தப் பெயர் நன்றாகவே உட்கார்கிறது, சொல்லிப் பார்த்துவிட்டேன்.

6

முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது. நான் அச்சுக்குக் கொடுக்கிறேன். கிலேன் சனிக்கிழமை பெட்டியின்மேல் குனிந்து அப்பாவிடம் சொல்கிறாள். செப்டம்பரில் ஃப்ளாவி சுவரைப் பார்த்து நிற்கிறாள். ஒரு நாள் என்னிடம் கேட்கிறாள், "நான் ஏன் தாத்தா?" நான் "விளையாட்டுதானே" என்கிறேன்.

இரண்டாவது. ஜெபப்புத்தகம் அடுப்புக்குள் போகிறது. கட்டுரையில் குதிரை சிரிக்கிறது. சனிக்கிழமை நான் கறுப்பு கோட்டுப் போட்டுக்கொண்டு போய் கிலேனுக்குக் கைகொடுக்கிறேன். டிசம்பரில் அவள் என் வாசல் பனியை வாருகிறாள்.

மூன்றாவது கொஞ்சம் அழகானது. பள்ளி விழாவில் பிள்ளைகள் பாடுகிறார்கள், பெயர் வரும் இடத்தில் நிறுத்துகிறார்கள், யாரைச் சுட்டுவது என்று தெரியாமல் திரும்பிப் பார்த்து, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் என்னைச் சுட்டுகிறார்கள். நான் எழுந்துபோய் சுவரைப் பார்த்து நிற்கிறேன். அரங்கம் அமைதியாகிறது.

இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்கப் பெருமையாக இருந்தேன். பிறகு படித்தபோது வெட்கமாக இருந்தது. இதில் கிலேனுக்கு என்ன கிடைக்கிறது? ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் பாவமன்னிப்பு, அதுவும் கைதட்டலோடு. நாற்பத்தோரு வருடம் கட்டுரை திருத்தியவன், முதல் வருடத்திலேயே இதற்குச் சுழி போட்டிருப்பேன். (முப்பத்தொன்று. எண்களிலும் பொய் வருகிறது, களைப்பு.)

7

இந்தப் பகுதியை நான் திட்டமிடவில்லை.

ஆறாவது பகுதியை எழுதிக்கொண்டிருந்தபோது கிலேன் வந்துவிட்டாள். பிற்பகல் மூன்று மணி இருக்கும். பூட்ஸில் கல்லறைத் தோட்டத்துச் சேறு. குழி வெட்டுவதைப் பார்த்துவிட்டு நேரே வந்திருந்தாள். இந்தத் தடவை பூட்ஸைக் கழற்றினாள்.

"மண்ணு நல்லா இளகிருச்சு சார். சனிக்கிழமை பிரச்சினை இருக்காது."

காப்பி கொடுத்தேன். மேசைமேல் இந்தத் தாள்கள் கிடந்தன. மறைக்கவில்லை, மறைக்க என்ன இருக்கிறது, தமிழ்தானே.

"இதுவா கட்டுரை?"

"முதல்ல என் பாஷையில எழுதிப் பாக்கறேன்."

"அழகா இருக்கு. புழு புழுவா." சிரித்தாள். "இதுல என் பேர் எங்க இருக்கு, காட்டுங்க."

காட்டினேன். தீவியெர்ஜ். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். பிறகு தாள்களைப் புரட்டி, அந்தச் சொல் வரும் இடத்தையெல்லாம் அவளே கண்டுபிடித்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். சுவரோரம் நின்ற அந்தப் பிள்ளைக்குப் படிப்பு வராது என்று ஆசிரியர் அறையில் ஒரு காலத்தில் பேசிக்கொண்டோம்.

ஐந்தாவது பகுதிக்கு வந்ததும் நிறுத்தினாள்.

நான் வாத்தியார். சந்தேகமான சொல்லுக்குச் சிவப்பு மையில் வட்டம் போடுவது கைப்பழக்கம். அந்தப் பக்கத்தில் ஒரே சொல்லுக்கு மறுபடி மறுபடி வட்டம் போட்டிருந்தேன்.

"இது யாரு பேரு?"

அவள் விரல் அந்தச் சொல்லின்மேல் இருந்தது. வண்டிப் பிடியைப் பிடித்துத் தடித்துப்போன விரல். நான் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"முடிக்கல இன்னும்" என்றேன்.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பெயர் புரியவில்லை. எனக்கு ஒரு பக்கம் இருக்கிறது என்பது புரிந்துவிட்டது.

"சரி, எழுதி முடிங்க. அவசரமில்ல. நான் இருக்கேன்."

இருக்கிறாள். எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் ஏழாவது பகுதி இவ்வளவு நீளம். கதை முடியாதவரை நான் பதில் சொல்ல வேண்டியதில்லை, எனவே எழுதிக்கொண்டே இருக்கிறேன். ஃப்ரிட்ஜ் கதவில் ஃப்ளாவி வரைந்த குதிரை இருக்கிறது, அதற்கு ஐந்து கால். ஜன்னலுக்கு வெளியே ஆறு ஓடுகிறது, மதியத் தோணி தீவுக்குப் போய்விட்டது. ஜெபப்புத்தகம் என் இடது கைக்குப் பக்கத்தில், ரிப்பனோடு. அவள் காப்பியைக் குடித்துவிட்டாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பேனா நகர்கிறதா என்றுதான் பார்க்கிறாள்.

எழுத வேறு எதுவும் இல்லை.

பாட்டில் இந்த இடத்தில் யாராவது ஒருவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். எனக்கு அடுத்தபடியாக அந்தப் பெயர் தெரிந்தவர் இந்த உலகத்தில் நீங்கள் மட்டும்தான். என் இடத்தில் உட்காருங்கள், நாற்காலி சூடாகத்தான் இருக்கிறது.

பேனாவை மூடுகிறேன். அவள் நிமிர்கிறாள்.